கொழும்பு ஏன் இப்படிப் புழுங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில் இருந்துகொண்டு உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்து உறவினர்கள், சென்னை நண்பர்கள், லண்டனில் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள் என்று எல்லோரும் வந்த முதல் நாளே வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொரு கேள்விக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: இன்றைக்குக் காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது? அது தெரிந்தால் கொழும்பின் வெக்கை, மழை, வெள்ளம் எல்லாவற்றுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

வெப்பமானி 31, 32 பாகைதான் காட்டுகிறது. உடம்புக்கு ஏன் 40 போலத் தெரிகிறது?

வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் அளக்கும். உடம்பு அதோடு ஈரத்தையும் சேர்த்து உணரும். வியர்வை காயும்போது தோலில் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் உடம்பு சூடு தணியும் வழி அதுதான். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்து ஓடும், சூடு உடம்பிலேயே தங்கிவிடும். 32 பாகை வெப்பத்தோடு 70 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் நிழலில் நிற்பவருக்கே ஏறக்குறைய 40 பாகை போல இருக்கும். வெயிலில் நின்றால் அதைவிடக் கூட. வளிமண்டலவியல் திணைக்களம் விடும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கும் மாதங்களும் இந்த எச்சரிக்கை வரும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். "31 பாகைதானே" என்று நினைத்து நடுப்பகலில் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள்.

ஈரப்பதன் சதவீதம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறி நம்மைக் குழப்பும். அதைவிட நல்ல அளவு பனிபடுநிலை. காற்றை எந்த வெப்பநிலை வரை குளிரவிட்டால் ஈரம் துளியாகப் படியத் தொடங்குமோ, அதுதான் பனிபடுநிலை. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர்ப் போத்தல் மேசையை நனைப்பது இதனால்தான். கொழும்பில் ஏப்ரல், மே மாதங்களில் இந்த அளவு 24, 25 பாகைக்கு வந்துவிடும். இரவில் காற்று குளிர்ந்து அதன் கிட்ட வந்ததும் நீராவி துளியாகி, தனக்குள் வைத்திருந்த மறைவெப்பத்தை வெளியே விடும். அதனால் வெப்பநிலை அதற்குக் கீழே எளிதில் இறங்காது. மே மாத இரவில் ஃபேன் மூன்றில் சுற்றியும் தலையணை நனைவதற்குக் காரணம் இதுதான்.

வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பமாக இருப்பது ஏன்?

இரண்டு காரணங்கள். கொழும்பு மத்திய கோட்டுக்கு வடக்கே 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. சூரியன் எல்லா மாதமும் ஏறக்குறைய ஒரே அளவில் சூடேற்றும்.

மற்றது கடல். ஒரு வாளி மண்ணையும் ஒரு வாளி தண்ணீரையும் வெயிலில் வைத்துப் பாருங்கள். மண் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். தண்ணீர் இரண்டையும் மெதுவாகச் செய்யும். கொழும்புக்கு முன்னால் கிடக்கும் கடல் வருடம் முழுக்க 27 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையிலேயே நிற்கும். அதைத் தொட்டு வரும் காற்றால் கடுமையாகச் சுடவும் முடியாது, குளிரவும் முடியாது. மிகச் சூடான மாதத்தின் சராசரிக்கும் மிகக் குளிரான மாதத்தின் சராசரிக்கும் இடையில் இரண்டு பாகைகூட இல்லை. ஆனால் ஜனவரியில் ஒரே நாளுக்குள் விடியலில் 22, மதியம் 31 என்று ஒன்பது பாகை ஏறி இறங்கும். நமக்கு இரவுதான் குளிர்காலம்.

சூரியன் தலைக்கு நேரே வருவது எப்போது?

வருடத்தில் இரண்டு முறை: ஏப்ரல் 7ஆம் திகதி அளவிலும் செப்டம்பர் 5ஆம் திகதி அளவிலும். மதியம் 12 மணி தாண்டிய சில நிமிடங்களில் நட்டு வைத்த தடிக்கு நிழல் இருக்காது. சூரியன் இரண்டு முறையும் ஒரே உயரத்தில் வந்தாலும் ஏப்ரல்தான் வாட்டி எடுக்கும். செப்டம்பரில் தென்மேல் காற்றும் முகிலும் நம்மைக் காக்கும். ஏப்ரலில் காற்றே இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பட்டு உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் மே மாதம் 40 பாகையைத் தொடுகிறது. கொழும்பும் கடற்கரை நகரம்தானே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு ஊருக்கும் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மே, ஜூனில் காற்று மேற்கில் இருந்து வீசுகிறது. சென்னைக்கு மேற்கே இருப்பது காய்ந்து சுடும் நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, தக்காணத்தின் மீது சூடேறி, காற்று அங்கே வந்து சேர்கிறது. பின்னேரம் கடற்காற்று உள்ளே நுழைந்தால்தான் அந்த ஊர் மூச்சு விடும். கொழும்புக்கு மேற்கே இருப்பது கடல் மட்டும்தான்.

இதே வித்தியாசத்தை நாட்டுக்குள்ளேயே பார்க்கலாம். ஜூன், ஜூலையில் திருகோணமலையில் மதிய வெப்பம் 34, 35 பாகைக்குப் போகும். அங்கே வீசுவதும் அதே தென்மேல் காற்றுதான். மலைநாட்டில் ஈரத்தை இழந்து, மறுபக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி, உலர்ந்த காற்றாக அங்கே போய்ச் சேர்கிறது. கடற்கரையில் இருந்தால் மட்டும் போதாது. காற்று கடலில் இருந்து வருகிறதா, கடலை நோக்கிப் போகிறதா என்பதுதான் கேள்வி.

கொழும்பில் எத்தனை மழைக்காலம்?

திணைக்களம் வருடத்தை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சி.

கொழும்புக்கு இதில் இரண்டு உச்சங்கள். 1961 முதல் 1990 வரையான சராசரியைப் பார்த்தால் மே மாதம் 390 மில்லிமீற்றர் அளவிலும், ஒக்டோபரில் 370 அளவிலும் பெய்கிறது. ஜனவரியில் 60கூட இல்லை. வருடக் கூட்டுத்தொகை 2,400க்கு மேல். லண்டன் மழையைப் பற்றிக் குறைசொல்லும் உறவினர்களிடம் நான் இதைச் சொல்வேன்: உங்களுக்கு ஒரு வருடத்துக்கே சுமார் 600 மில்லிமீற்றர்தான், எங்களுக்கு மேயும் ஒக்டோபரும் சேர்ந்தே அதைத் தாண்டிவிடும்.

மாணவர்களுக்கு மாதங்கள் மனதில் நிற்காது. அதனால் பண்டிகைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். தைப்பொங்கலுக்கு முற்றம் காய்ந்திருக்கும். மே மாதத்துப் பௌத்தப் பண்டிகையான வெசாக்குக்குக் கட்டும் வெளிச்சக் கூடுகள் பல வருடம் நனைந்துவிடும். பருவக்காற்று மே நடுப்பகுதிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்துவிடலாம். ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும் நாட்களில் காற்று பலமாக இருக்கும், மழை குறைவு. தீபாவளிக்கு வெடி நனையாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆடியில் ஏன் மழை குறைகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அதுவும் பருவக்காற்றுக் காலம்தானே? பருவக்காற்று வலுக்க வலுக்க மழைப்பட்டி வடக்கே இந்தியா மீது ஏறிவிடும். நமக்கு மிஞ்சுவது பலத்த காற்றும், பத்து நிமிடம் கொட்டிவிட்டு ஓடும் மழையும்தான்.

யாழ்ப்பாணம் வறண்டு கிடக்கும்போது இங்கே எப்படி வெள்ளம்?

மலைதான் காரணம். தென்மேல் காற்று தென்னரைக்கோளத்தில் பிறந்து, மத்திய கோட்டைக் கடந்து, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடலின் மேல் நீராவியைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலை இருக்கும் மத்திய மலைநாடு அதற்கு முன்னால் சுவர் போல நிற்கிறது. காற்று மேலே ஏற வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்துச் சரிவுகளில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் வரை கொட்டும். கொழும்பு அந்தச் சரிவின் வாசற்படியில் இருக்கிறது. யாழ்ப்பாணம் தட்டையான நிலம். காற்றை ஏற்றிவிட அங்கே எதுவும் இல்லை. சோழகம் என்று அங்கே சொல்லும் இதே தென்மேல் காற்று புழுதியைத்தான் கிளப்பும்.

டிசம்பருக்குப் பிறகு கதை தலைகீழாகும். வாடை என்னும் வடகீழ் காற்று கிழக்குச் சரிவில் மழையைக் கொடுத்துவிட்டு, உலர்ந்துபோய் மேற்கே இறங்கும். பனிபடுநிலையும் குறையும். ஜனவரிக் காலையில் கொழும்பில் முகம் கழுவினால் இதமாக இருப்பதற்கு மலைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மழை ஏன் பின்னேரத்தைப் பார்த்து வருகிறது?

"பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." இந்த வசனத்தை வானொலியில் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். பலர் இதை வழக்கமான வாய்ப்பாடு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது இடைப்பருவத்தின் முழு இயக்கத்தையும் ஒரே வரியில் சொல்கிறது.

அந்த மாதங்களில் பெரிய காற்றுகள் ஓய்ந்திருக்கும். ஒன்று போய்விட்டது, மற்றது இன்னும் வரவில்லை. அப்போது சின்னக் காற்றுகளின் ஆட்சி. காலையில் நிலம் சூடேறும், அதன் மேல் உள்ள காற்று லேசாகி எழும்பும், பத்து, பதினொரு மணிக்குக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வரும். இதுதான் கடற்காற்று. வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்போது கொஞ்சம் ஆறுதல். ஆனால் அந்தக் காற்றின் முன்விளிம்பு ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே போகிறது. அவிசாவளைப் பக்கம் மலையடிவாரத்தில் ஏறும்போது முகில் கோபுரமாகக் கிளம்பும். மதியம் தாண்டினால் இடி. சில நாட்களில் மேல்மட்டத்துக் கிழக்குக் காற்று அந்த முகிலைத் திரும்பக் கொழும்புப் பக்கம் தள்ளிவிடும். அன்றைக்குத்தான் பாடசாலை விடும் நேரத்துக்கும் அலுவலகம் விடும் நேரத்துக்கும் நடுவில் நகரமே நனைந்து, காலி வீதியில் ஓட்டோ கிடைக்காமல் போகும்.

இந்த முகில்களில் மின்னல் கடுமை. பருவக்காற்று மழையில் இவ்வளவு இருக்காது. காலிமுகத்திடலில் இறால் வடையோடு நிற்கும்போது கிழக்கே வானம் கறுத்து இடி கேட்டால், வெட்டவெளியில் நிற்காமல் உடனே ஒரு கட்டிடத்துக்குள் போய்விடுங்கள்.

கடற்கரையில் காற்று வாங்கலாம். கடலில் இருந்து தள்ளி இருக்கும் பொரளையில் ஏன் மூச்சுமுட்டுகிறது?

கடற்காற்று உள்ளே போகப் போகச் சூடாகும், தளரும். நடுவில் கட்டிடங்கள் மறித்தால் இன்னும் சீக்கிரம் தளரும். சீமெந்தும் தாரும் பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்து இரவில் மெல்ல விடுகின்றன. ஏசி ஒவ்வொன்றும் வீட்டுக்குள் உள்ள சூட்டை வீதியில் கொட்டுகிறது. கறுவாத்தோட்டத்தில் கிளை விரித்த பெரிய மரங்களின் கீழே நடந்துவிட்டு, அப்படியே புறக்கோட்டைக்குப் போய் இறங்கிப் பாருங்கள். வித்தியாசம் தோலுக்கே தெரியும்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். எங்கள் மாடிவீடு கடலில் இருந்து இரண்டாவது வரிசையில் இருந்தது. மதியம் யன்னலைத் திறந்தால் கலண்டர் தாள் படபடக்கும். முன்னால் பல மாடிக் கட்டிடம் ஒன்று எழும்பியது. கலண்டர் அசைவதை நிறுத்தியது, அந்த வருடமே ஏசி வாங்கினோம். அதன் சூடு இப்போது பின்வீட்டுக்காரரின் யன்னலுக்குப் போகிறது. அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். கடற்காற்று ஊருக்குப் பொதுவான சொத்து. தண்ணீர்க் குழாயை மறிக்க யாரையும் விடமாட்டோம். காற்று வரும் பாதையை மறிப்பதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கொழும்பில் மழை பெய்யாத நாளில்கூட வெள்ளம் வருகிறதே?

கொழும்புக்கு இரண்டு வகை வெள்ளம் உண்டு. ஒன்று, நகரத்தின் மேலேயே கொட்டித் தேங்குவது. 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. 2010 நவம்பரில் ஒரே இரவில் 400ஐத் தாண்டியது. தியவன்னாவ ஏரி நடுவில் இருக்கும் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. நிலம் தட்டை, கடல்மட்டத்தில் இருந்து அதிக உயரமும் இல்லை. கால்வாயின் வாயை அலை மணலால் அடைத்துவிட்டால் தண்ணீர் போக இடமில்லை.

மற்றது களனி கங்கை கொண்டுவருவது. 145 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு மலைநாட்டின் ஈரமான சரிவுகளில் பிறந்து, முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. அங்கே பெய்யும் மழை இங்கே வர ஒரு நாளோ இரண்டு நாளோ எடுக்கும். கொழும்பில் வெயில் எறிக்கும்போதே கடுவெல, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறுவது அதனால்தான். 2016 மே மாதம் அப்படி ஏறியதைப் பார்த்தோம். ஆகவே ஆற்றோரம் இருப்பவர்கள் தங்கள் தலைக்கு மேலே உள்ள வானத்தை நம்பக் கூடாது. ஹங்வெல்லவிலும் நாகலகம் வீதியிலும் அளக்கும் களனியின் நீர்மட்டம் என்ன என்று பாருங்கள்.

இரண்டு வெள்ளத்துக்கும் இடையில் நின்று நம்மைக் காப்பவை சதுப்பு நிலங்கள். கொலன்னாவை, தலவத்துகொடை, பெத்தகான பக்கம் இன்னும் மிஞ்சியிருப்பவை மழை கொட்டும்போது குடித்து வைத்து, பிறகு மெதுவாக விடும். சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கும். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பத்திரம் கிடைத்தபின்னும் "வெறும் பற்றைக்காடு" என்று மண் கொட்டி நிரப்பும் வேலை நிற்கவில்லை என்றால், அடுத்த வெள்ளத்தில் அந்தத் தண்ணீர் யாருடைய சமையலறைக்குப் போகும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சூறாவளி கொழும்பைத் தாக்குமா?

நேரடியாகத் தாக்குவது அரிது. அவை பெரும்பாலும் வங்காள விரிகுடாவில் உருவாகிக் கிழக்குக் கரையால் வரும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை அங்குள்ள பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. மேற்குக்கு வரும்போது காற்றின் வேகம் குறைந்திருக்கும். ஆனால் மழை குறையாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கிழக்கால் நுழைந்தபோது களனி பெருக்கெடுத்துக் கொழும்பின் புறநகர்களை மூழ்கடித்தது. காற்று வராது என்பதை ஆபத்து வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் வானம் ஏன் சில நாள் மங்கலாக இருக்கிறது?

வாடை வரும் வழியைப் பாருங்கள். இந்தியப் பெருநிலப்பரப்பின் புகையையும் தூசியையும் தூக்கிக்கொண்டு வரும். நம் வாகனப் புகையும் மழை இல்லாததால் கழுவப்படாமல் நிற்கும். 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மோசமாகிப் பாடசாலைகளையே மூடினார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், தென்மேல் காலத்தைவிட இந்த மாதங்களில்தான் அதிகம் கவனம் வேண்டும்.

எல் நினோ வந்தால் கொழும்பில் மழை குறையுமா?

எல் நினோ என்பது பசிபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது. அதன் விளைவு காலத்தைப் பொறுத்தது. எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் மழை கூடும் போக்குத்தான் உண்டு. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடானாலும் அப்படித்தான். தை தொடக்கம் பங்குனி வரையான மழையைத்தான் அது குறைக்கப் பார்க்கும்.

வெக்கை உண்மையிலேயே கூடிவிட்டதா, எங்களுக்கு வயது போனதால் அப்படித் தெரிகிறதா?

கூடிவிட்டது. 1961 முதல் 1990 வரை இலங்கையில் வருடத்துக்கு 0.016 பாகை வீதம் வெப்பம் ஏறியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். முப்பது வருடத்துக்கு அது அரைப் பாகை. கடல் சூடானால் அதன் மேல் உள்ள காற்று இன்னும் அதிக ஈரத்தைச் சுமக்கும். கொழும்புக்கு அதன் பொருள் சூடான இரவுகளும், பெய்தால் கொட்டித் தீர்க்கும் மழையும். உங்கள் அம்மம்மா திண்ணையில் பாய் போட்டு ஃபேன் இல்லாமல் தூங்கினார் என்றால், அவர் தூங்கிய இரவும் கொஞ்சம் வேறுதான்.

விடுமுறைக்கு எந்த மாதம் வரலாம்?

ஜனவரி நடுப்பகுதியில் இருந்து பெப்ரவரி வரை. பகல் வெயில் சுடும், ஆனால் காற்று உலர்வாக இருப்பதால் தாங்கலாம். விடியற்காலை ஆறு மணிக்குக் கடற்கரைப் பாதையில் கடலைப் பார்த்து நின்றால் காற்று முதுகில் படும். அது இரவு முழுக்க நிலத்தில் குளிர்ந்து கடலுக்குப் போகும் காற்று. பதினொரு மணிக்குத் திரும்ப அதே இடத்தில் நின்றால் முகத்தில் படும். நடுவில் ஒரு நேரம் இரண்டும் இல்லாமல் நிற்கும். வெளிவேலைகளை அந்த நேரத்துக்கு வைக்காதீர்கள்.